நேரம் தெரிந்த கருவி

கூரையில் ஒட்டிக் கிடக்கும் வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டின் அழகு, அது சரியான நேரம் வைத்திருப்பதில் இருக்கிறது. இத்தகைய பல கருவிகளில் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால் சில 1970 ஜனவரி 1-இல் கண்விழிக்கும். நெட்வொர்க் வழியே நேரம் சொல்லும் என்டிபி சர்வரிடம் கேட்டதும், கருவியின் பதிவில் அடுத்த வரியே இன்றைய தேதிக்குத் தாவும். போய்வரும் தாமதத்தில் பாதியைக் கணக்கில் சேர்த்துத் திருத்திக்கொள்ளும் அந்த நேர்த்தி ரசிக்கத்தக்கது. இணையம்தான் ஓடுகிறதே, நேரம் எதற்கு என்பார்கள். ஓடும்வரை சரி. இணைப்பு அறுந்தால், நெட்வொர்க் சுவிட்ச்சின் பதிவையும் இதன் பதிவையும் அருகருகே வைத்துத்தானே எது முதலில் விழுந்தது என்று பார்க்க முடியும்?

அப்படி விழுந்ததை உடனே சொல்லும் எச்சரிக்கை மெயிலை அமைப்பதற்கு இன்னும் பொறுமை வேண்டும். ஒவ்வொரு போனும் வைஃபையில் இணைந்து விலகுவதற்கும் மெயில் பறந்தால், சில நாளில் யாரும் திறக்கமாட்டார்கள். எல்லாம் தெரிவது நல்லதுதானே என்று வாதிடலாம். ஆனால், கருவி ஐந்து நிமிடம் பேசாதிருந்தால் மட்டும் சொல் என்று கண்காணிப்பு சர்வரில் வரம்பு வைப்பவருக்கு, எதை விடலாம் என்பது தெரியும். அவருக்கு வரும் ஒரே மெயில் உடனே படிக்கப்படுகிறது.