செல்டா ஆட்டத் தொடர்: புதியவர் எங்கே தொடங்கலாம்?

'த லெஜண்ட் ஆஃப் செல்டா' என்பது ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1986 முதல் வெளியிட்டுவரும் கற்பனைச் சாகச வீடியோ கேம் தொடராகும். ஷிகெரு மியாமோட்டோ, தகாஷி தெசுக்கா ஆகிய இருவரும் இதை உருவாக்கினர். முதல் ஆட்டத்துக்கு இசையமைத்தவர் கோஜி கோண்டோ. அவருடைய தொடக்க மெட்டு இன்றுவரை தொடரின் அடையாளமாக இருந்துவருகிறது. கிளை ஆட்டங்களைத் தவிர்த்து முதன்மை ஆட்டங்களை மட்டும் எண்ணினாலும் சுமார் இருபது வரும். இத்தனையில் எதை முதலில் எடுப்பது என்று புதியவர் திகைப்பது இயல்பே. அந்தக் கேள்விக்கு விடை தேடும் போக்கில் தொடரின் நிறைகுறைகளை இக்கட்டுரை பேசுகிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பச்சை உடையும் கூர்மையான காதுகளும் கொண்டு வாளேந்தி நிற்கும் இளைஞனைப் பலர் செல்டா என்று நினைக்கின்றனர். அவன் பெயர் லிங்க். செல்டா என்பவள் ஹைரூல் நாட்டு இளவரசி. அமெரிக்க எழுத்தாளர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் மனைவி செல்டாவின் பெயர் கேட்பதற்கு இனிமையாக இருந்ததால் அதை எடுத்துக்கொண்டதாக மியாமோட்டோ கூறியிருக்கிறார். எதிரியின் பெயர் கேனன். வலிமை, அறிவு, துணிவு ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று பொன் முக்கோணங்களைச் சுற்றியே பெரும்பாலான கதைகள் அமைந்துள்ளன. அவற்றுக்கு டிரைஃபோர்ஸ் என்று பெயர். லிங்க் வாய் திறந்து பேசுவதில்லை. ஆடுபவரையும் அந்த உலகையும் இணைப்பவன் என்பதே அவன் பெயரின் பொருள்.

முதல் திரையில் ஒரு குகை

1986 பிப்ரவரி 21 அன்று ஜப்பானில் ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டத்துக்காக வெளிவந்த முதல் ஆட்டத்தின் தொடக்கக் காட்சியை இன்று பார்த்தாலும் வியப்பாக இருக்கிறது. லிங்க் ஒரு வெட்டவெளியில் நிற்கிறான். கையில் கேடயம் மட்டும் உண்டு, வாள் இல்லை. மேலே ஒரு வழி, இடப்பக்கம் ஒரு வழி, வலப்பக்கம் ஒரு வழி. மேல் மூலையில் கறுப்பாக ஒரு குகை வாயில். எங்கே போக வேண்டும் என்று ஒரு சொல்கூடத் திரையில் வருவதில்லை. குகைக்குள் நுழைந்தால் ஒரு முதியவர் மரவாள் ஒன்றைத் தருகிறார். நுழையாமலும் போகலாம். போனால் அடுத்த திரையிலேயே எதிரிகள் வருவார்கள், வாளின் அருமை அப்போது புரியும்.

மியாமோட்டோ சிறுவனாக இருந்தபோது கியோட்டோ அருகே சொனோபே என்ற ஊரின் காடுமேடுகளில் அலைந்து திரிந்தவர். அங்கே ஒரு குகையைக் கண்டு, பிறகு விளக்கோடு திரும்பிவந்து உள்ளே சென்ற அனுபவத்தை அவர் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். அந்தப் பயமும் ஆசையும் கலந்த மனநிலைதான் அந்த முதல் திரையில் இருக்கிறது. சுவரில் வெடி வைத்தால் வழி திறக்கலாம், புதரைக் கொளுத்தினால் படிக்கட்டு தெரியலாம். எந்தச் சுவர், எந்தப் புதர் என்பதைத் தேடித்தான் அறிய வேண்டும். ஆடுபவர்கள் தாங்கள் கண்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதே மியாமோட்டோவின் விருப்பமாக இருந்தது.

இந்த முறையைக் குறையின்றிப் புகழவும் முடியாது. சில இரகசியங்களுக்கு எந்தத் தடயமும் கிடையாது. திரை முழுக்க உள்ள ஒவ்வொரு புதரையும் எரித்துப் பார்ப்பது தேடல் ஆகாது, வேலையாகிவிடும். அமெரிக்கப் பதிப்பில் இன்னொரு கோளாறும் உண்டு. முயல் காது கொண்ட ஓர் எதிரி உரத்த ஓசையை வெறுக்கும் என்று கையேடு சொல்கிறது. ஜப்பானியக் கருவியின் இரண்டாவது கன்ட்ரோலரில் மைக் இருந்தது, அதில் கத்தினால் அந்த எதிரி சாகும். அமெரிக்கக் கருவியில் மைக்கே இல்லை. குறிப்பை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். புல்லாங்குழலை ஊதி ஊதிப் பார்த்து ஏமாந்த பிள்ளைகள் எத்தனை பேரோ.

வரிசைப்படி ஆட வேண்டுமா?

வேண்டியதில்லை. 2011 இறுதியில் தொடரின் 25ஆம் ஆண்டையொட்டி வந்த 'ஹைரூல் ஹிஸ்டோரியா' நூல் எல்லா ஆட்டங்களையும் ஒரே காலக்கோட்டில் கோத்து, நடுவில் அதை மூன்று கிளைகளாகப் பிரித்துக் காட்டியது. இரசிகர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. புதியவருக்குச் சுமை. ஒரே கதையை நான்கு பாட்டிமார் நான்கு விதமாகச் சொல்வதைப் போல இந்த ஆட்டங்களைக் கொண்டால் போதும். ஒவ்வோர் ஆட்டத்திலும் பெரும்பாலும் வேறு லிங்க், வேறு செல்டா. 'டியர்ஸ் ஆஃப் த கிங்டம்' (2023) போன்ற நேரடித் தொடர்ச்சிகளை மட்டும் முந்தைய ஆட்டத்துக்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.

ஒக்கரினாவும் அதன் நிழலும்

1998 நவம்பரில் நின்டெண்டோ 64 கருவிக்கு வந்த 'ஒக்கரினா ஆஃப் டைம்' தொடரின் உச்சம் என்று பலராலும் சொல்லப்படுகிறது. மெட்டாகிரிட்டிக் தளத்தில் அதன் மதிப்பெண் 99. முப்பரிமாண வெளியில் எதிரியைப் பார்வையிலிருந்து நழுவவிடாமல் சண்டையிடுவது அக்காலத்தில் பெரிய சிக்கலாக இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் லிங்கின் பார்வை எதிரிமேல் நிலைத்து நிற்கும் முறையை இந்த ஆட்டம் கொண்டுவந்தது. அதன் பிறகு வந்த எத்தனையோ ஆட்டங்கள் அதைப் பின்பற்றின. ஒக்கரினா என்னும் ஊதுகருவியின் ஐந்து சுரங்களையும் கன்ட்ரோலரின் ஐந்து பொத்தான்களில் வைத்தார்கள். ஆடுபவர் மெட்டுகளை மனப்பாடம் செய்து தானே வாசிக்க வேண்டும். மழையை வரவழைக்க ஒரு மெட்டு, குதிரையை அழைக்க ஒரு மெட்டு. ஆட்டம் முடிந்து ஆண்டுகள் கழிந்தும் அவை விரலில் தங்கியிருக்கும்.

கதையும் எளிமையானது, ஆனால் ஆழமாகத் தைப்பது. சிறுவன் லிங்க் புனித வாளை உருவியதும் ஏழு ஆண்டுகள் உறங்கிப்போகிறான். விழித்துப் பார்த்தால் தான் ஓடி விளையாடிய கடைத்தெரு பாழடைந்து கிடக்கிறது, அங்கே பிணங்கள் உலவுகின்றன. முன்பு நாய் குரைத்த இடம், மக்கள் கூடி ஆடிய இடம் என்று நாமே அடையாளம் கண்டுகொள்கிறோம். சொல்லால் விளக்கப்படாமல் நடந்து பார்த்தே உணரப்படும் துயரம் இது. நாவலோ திரைப்படமோ இதை இதே முறையில் தர இயலாது என்பது என் எண்ணம்.

எனினும் புதியவர் இதில் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேமரா இன்றைய கைக்கு முரண்டு பிடிக்கும். நீர்க்கோயிலில் இரும்புக் காலணியை மாட்டவும் கழற்றவும் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்திப் பட்டியலைத் திறக்க வேண்டும். 2011இல் வந்த மறுபதிப்பில் இதைச் சரிசெய்தார்கள்.

இதே ஆட்டத்தில்தான் இன்னொரு பழக்கமும் தொடங்கியது. நேவி என்னும் தேவதை லிங்கின் தலைக்கு மேலே பறந்தபடி கவனத்தை ஈர்த்துக்கொண்டே இருக்கும். பிற்காலத்தில் இந்தத் துணைகளின் பேச்சு பெருகியது. 'ஸ்கைவர்ட் ஸ்வோர்ட்' (2011) ஆட்டத்தில் வாளுக்குள் வாழும் ஃபை, நாம் கண்ணால் பார்த்ததையே மறுபடி எடுத்துரைக்கும். கன்ட்ரோலரில் பேட்டரி குறைந்தாலும் வந்து நிற்கும். மாணவன் பலகையைப் பார்த்து யோசிக்கத் தொடங்கும் முன்பே விடையைச் சொல்லிவிடும் ஆசிரியரை நினைவூட்டுகிறது. நானும் வகுப்பறையில் அந்தத் தவற்றைச் செய்தவன்தான், ஆகவே எரிச்சல் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது. 2021 மறுபதிப்பில் ஃபையின் குறுக்கீடுகளைக் குறைத்தது நின்டெண்டோவுக்கும் இது புரிந்ததைக் காட்டுகிறது.

மீண்டும் வெட்டவெளி

2017 மார்ச் 3 அன்று வெளிவந்த 'பிரெத் ஆஃப் த வைல்ட்' அந்தப் பழக்கத்தை உதறியது. இயக்கியவர் ஹிதேமாரோ ஃபுஜிபயாஷி, தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமா. 1986 ஆட்டத்தைப் போன்ற தட்டையான இருபரிமாண மாதிரி ஒன்றைச் செய்து, அதில் தங்கள் எண்ணங்களைச் சோதித்த பிறகே இந்தப் பெரிய உலகைக் கட்டினார்கள்.

தொடக்கத்திலுள்ள பெரும் பீடபூமியே ஒரு நல்ல பாடத்திட்டம். அங்கே ஒரு பனிமலை உண்டு. வெறும் உடம்போடு ஏறினால் குளிரில் உயிர் குறையும். மிளகாய் சேர்த்துச் சமைத்து உண்டால் சிறிது நேரம் தாங்கலாம். தீப்பந்தம் ஏந்தி நடந்தாலும் குளிர் தணியும். அங்கிருக்கும் முதியவரிடமிருந்து கம்பளிச் சட்டை பெறவும் வழி உண்டு. எது சரி என்று ஆட்டம் தீர்ப்புச் சொல்வதில்லை. பிறகு வரும் நூறு மணி நேரமும் இதே தர்க்கம் நீடிக்கிறது. இடி மின்னலின்போது இரும்பு வாள் தரித்தவன்மேல் மின்னல் விழும். புல்லில் தீ வைத்தால் மேலெழும் காற்றில் பாய் விரித்துப் பறக்கலாம். மழை பெய்தால் பாறையில் கால் வழுக்கும். நெருப்பு, நீர், காற்று, உலோகம் ஒவ்வொன்றும் தன் இயல்புப்படி நடக்கும் என்ற நம்பிக்கை இருப்பதால் ஆடுபவர் துணிந்து சோதனை செய்கிறார்.

குறைகள் இல்லாமல் இல்லை. வாள்கள் சில வெட்டுகளிலேயே உடைந்துபோகின்றன. பலவகை ஆயுதங்களைப் பயன்படுத்தச் செய்யும் உத்தி அது என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். நடைமுறையில் நல்ல ஆயுதத்தைக் கஞ்சன் காசைப் போலப் பூட்டிவைக்கவே தோன்றுகிறது. முன்பு ஒவ்வொரு கோயிலும் தனி முகத்தோடு இருந்தது. இங்கே நான்கு இயந்திர மிருகங்களின் உட்புறமும் ஒரே சாயலில் உள்ளன. 900 விதைகளைத் தேடச் சொல்வதும் அளவு மீறியது.

இந்த ஆட்டத்திலேயே தொடங்கலாம் என்று பெரும்பாலோர் சொல்கின்றனர். மூன்று கோடிக்கு மேல் விற்றிருப்பதால் அக்கருத்து பரவியிருப்பதில் வியப்பில்லை. பீடபூமியிலிருந்து இறங்கியவுடன் எல்லாத் திசையும் திறந்திருப்பதே இதன் சிறப்பு. வீடியோ கேம் பழக்கமே இல்லாதவர் அங்கேதான் திகைத்து நின்றுவிடுகிறார். வாரத்தில் சில மணி நேரமே வாய்க்கும் மாணவருக்கு, விட்ட இடத்தை நினைவுபடுத்திக்கொள்வதே பாதி வேலையாகும்.

சிறிய தீவு

ஆகவே என் பரிந்துரை 'லிங்க்ஸ் அவேக்கனிங்'. 1993இல் கேம் பாய்க்காக வந்தது, 2019இல் ஸ்விட்ச் கருவிக்காகப் பொம்மைகளைப் போன்ற உருவங்களோடு புதுப்பிக்கப்பட்டது. மூல ஆட்டத்தின் வரைபடம் 16க்கு 16 கட்டங்கள், மொத்தம் 256 திரைகள். தீவு முழுவதும் மனத்துக்குள் அடங்கிவிடும். எட்டு நிலவறைகள், எட்டு இசைக்கருவிகள். ஒரு நிலவறையில் கிடைக்கும் பொருள் அதுவரை மூடியிருந்த வழியைத் திறக்கும் என்ற தொடரின் அடிப்படை இலக்கணத்தை இது போலத் தெளிவாகக் கற்பிக்கும் ஆட்டம் வேறில்லை. சுமார் பதினைந்து மணி நேரத்தில் முடிக்கலாம். தமிழில் இத்தொடர் கிடைப்பதில்லை, ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும். இங்கே உரையாடல்கள் குறுகியவை என்பதும் ஒரு வசதி.

அளவில் சிறிதென்று இதைக் குழந்தை ஆட்டமாகக் கொள்ளக்கூடாது. கடைக்காரர் பார்க்காத நேரத்தில் பொருளைத் திருடிக்கொண்டு ஓடிவிடலாம், ஆட்டம் தடுக்காது. அதன் பிறகு தீவில் எல்லாரும் லிங்கைத் திருடன் என்றே அழைப்பார்கள். ஆடுபவர் இட்ட பெயர் திரும்பவே திரும்பாது. மீண்டும் கடைக்குள் போனால் கடைக்காரர் சும்மா விடமாட்டார்.

கதைமுடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். புயலில் கப்பல் உடைந்து கரையொதுங்கிய லிங்கை மரின் என்ற பெண் காப்பாற்றுகிறாள். தீவைவிட்டு வெளியேற வேண்டுமென்றால் மலையுச்சியிலுள்ள முட்டைக்குள் உறங்கும் காற்றுமீனை எழுப்ப வேண்டும். பாதி வழியில் ஒரு சுவரோவியம் உண்மையைச் சொல்கிறது: தீவும் அதன் மக்களும் காற்றுமீனின் கனவு. அது விழித்தால் மரின் உட்பட எல்லாம் மறையும். எதிரிகள் லிங்கைத் தடுப்பது தாங்கள் அழியாமல் இருப்பதற்காகவே. இதை அறிந்த பின்பும் ஆடுபவர் அடுத்த நிலவறைக்குள் நுழைகிறார், ஏனெனில் ஆட்டத்தை முடிக்க வேறு வழி கிடையாது. கடைசி மெட்டை வாசிப்பதும் நம் கைதான்.

இதன் பிறகு 'பிரெத் ஆஃப் த வைல்ட்' எடுக்கலாம், அப்போது அதன் சுதந்திரத்தின் அருமை தெரியும். மூன்றாவதாக 'மஜோராஸ் மாஸ்க்' (2000). மூன்று நாளில் நிலா விழுந்து ஊர் அழியும், லிங்க் காலத்தைத் திருப்பித் திருப்பி அதே மூன்று நாளை வாழ்கிறான். ஊர்மக்கள் ஒவ்வொருவருக்கும் மணிக்கணக்கான அட்டவணை உண்டு. காணாமற்போன மணமகனுக்காகக் காத்திருக்கும் ஆஞ்சுவுக்கு உதவ மூன்று நாளும் கடிகாரத்தைப் பார்த்தபடி அலைய வேண்டும். அது நிறைவேறினாலும் காலத்தைத் திருப்பியவுடன் எல்லாம் பழையபடி ஆகிவிடும். தொடரிலேயே மிகத் துணிச்சலான ஆக்கம் இதுவென்பேன். முதல் ஆட்டமாக எடுத்தவர்கள் பெரும்பாலும் முதல் மூன்று நாளிலேயே வெறுத்து விட்டுவிடுகிறார்கள்.

பெண் பெயரைத் தலைப்பில் தாங்கிய தொடரின் முதன்மை ஆட்டம் ஒன்றில் செல்டா நாயகியாவதற்கு 2024 செப்டம்பரில் வந்த 'எக்கோஸ் ஆஃப் விஸ்டம்' வரை, 38 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. தொடரில் ஒரு பெண் இயக்குநராகப் பணியாற்றியதும் அதுவே முதல்முறை, அவர் டொமோமி சானோ. செல்டா வாளை முதன்மையாக நம்புவதில்லை. கண்ட பொருள்களின் நகலை உருவாக்கி வழி காண்கிறாள். எண்ணம் அருமையானது. நடைமுறையில் கட்டில்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே பாதித் தடைகளை ஏறிக் கடந்துவிட முடிகிறது. லிங்க்ஸ் அவேக்கனிங் மறுபதிப்பின் அதே பொம்மைத் தோற்றத்தில் அமைந்திருப்பதால், அதை முடித்த கையோடு இதை எடுப்பவர்களுக்கு ஊர் புதிதாக இருந்தாலும் தெரு பழகியதாகத் தோன்றும்.