தேவையும் தூண்டலும்: தொழினுட்பப் பொருட்களின் விற்பனை பற்றிய ஒரு நோக்கு

தொழினுட்பப் பொருட்களை விற்போர் வாங்குவோரின் மனத்தை ஆட்டிப்படைக்கின்றனரா, அன்றி அவர்களிடத்து ஏலவே உள்ள விருப்பங்களை நிறைவேற்றி வைக்கின்றனரா என்னும் வினா, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டுப் பொருளியலாளராலும் சமூகவியலாளராலும் விவாதிக்கப்பட்டு வருவதாகும். விவாதத்தில் ஈடுபட்டோர் பெரும்பாலும் இரு அணிகளாகப் பிரிந்து நின்றனர். வாங்குவோன் விற்போன் கையிற் பொம்மை என்பது ஓரணியின் வாதம். வாங்குவோனே அரசன், விற்போன் அவனது ஏவலன் என்பது மற்றையதன் வாதம். இவ்விரு நிலைப்பாடுகளையும், அவை தொடர்பான சில நிகழ்ச்சிகளையும் ஒப்புநோக்கி, வினா எழுப்பப்பட்ட முறைதானும் பொருத்தமானதா என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது அணியின் குரலைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றவர் அமெரிக்கப் பத்திரிகையாளரான வான்ஸ் பக்கார்ட். ‘மறைந்து நின்று தூண்டுவோர்’ எனப் பொருள்படும் தலைப்புடன் 1957ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூல், விளம்பர நிறுவனங்கள் உளவியலாளரைத் துணைக்கொண்டு மக்களின் அச்சங்களையும் ஏக்கங்களையும் துருவி ஆராய்ந்து அவற்றையே விற்பனைக் கருவிகளாக்குகின்றன என எடுத்துக்காட்டியது. அதே ஆண்டில் ஜேம்ஸ் விக்காரி என்னும் சந்தை ஆய்வாளர், திரைப்படம் ஓடிக்கொண்டிருக்கையிற் கண்ணுக்குப் புலனாகாத வேகத்தில் விளம்பர வாசகங்களைத் திரையிற் காட்டிச் சோளப்பொரியினதும் கொக்கா கோலாவினதும் விற்பனையை உயர்த்தியதாக அறிவித்தார். மக்களிடையே பெரும் கலக்கம் ஏற்பட்டது. ஆயின் பரிசோதனையை மீளச் செய்தபோது அத்தகைய விளைவு எதுவும் காணப்படவில்லை. தாம் திரட்டிய தரவுகள் பொருட்படுத்தத்தக்க அளவின அல்ல என 1962ஆம் ஆண்டில் விக்காரியே ஒப்புக்கொண்டார்.

இந்நிகழ்ச்சி உணர்த்துவது யாது? விளம்பரம் எல்லையற்ற ஆற்றலுடையது என்னும் கதை, விளம்பரத் தொழிலை எதிர்ப்போர் மாத்திரம் பரப்பிய கதையன்று. அத்தொழிலைச் செய்வோருக்கு வாடிக்கையாளரைத் தேடித்தந்த கதையுமாகும். மக்களை ஆட்டிவைக்க எம்மால் இயலும் என்பதே அவர்கள் உற்பத்தியாளருக்கு விற்ற முதற்சரக்கு. விமரிசகர் அதனை ஆராயாது ஏற்கும்போது, தம்மையறியாமலே அவ்விற்பனைக்குத் துணைபோகின்றனர்.

பக்கார்ட்டினும் ஆழமாகச் சிந்தித்தவர் பொருளியலறிஞர் ஜோன் கென்னத் கல்பிறெயித். வளமிகு சமுதாயம் பற்றி 1958ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல், உற்பத்தியின் பெறுமதி பற்றிய ஓர் அடிப்படை வினாவை எழுப்பியது. மக்களின் விருப்பங்களை நிறைவு செய்வதனாலேயே உற்பத்தி பெறுமதியுடையதாகக் கருதப்படுகின்றது. அவ்விருப்பங்களை அதே உற்பத்தி முறை விளம்பரத்தின் மூலம் தோற்றுவிக்குமாயின், அப்பெறுமதி எங்கிருந்து வருகின்றது? நோயை உண்டாக்கியவன் தன் மருந்தின் சிறப்பைப் பேசுவது போன்றதன்றோ அது? தனியார் பண்டங்கள் பெருகும் அதே சமுதாயத்திற் பாடசாலைகளும் பூங்காக்களும் புறக்கணிக்கப்படுவதை அவர் சுட்டிக்காட்டியமை இன்றும் மனங்கொள்ளத்தக்கது.

இவ்வாதத்துக்கு 1961ஆம் ஆண்டில் மறுப்புரைத்தவர் பிரெடெரிக் ஹயெக். உணவு, உறைவிடம், பாலுணர்வு ஆகியவற்றுக்கு அப்பால் மனித விருப்பங்கள் பெரும்பாலும் பிறரைப் பார்த்துக் கற்றவையே என்பது அவரது வாதம். இலக்கியத்தை நாடும் மனமும் இத்தகையதே. எனவே ஒரு விருப்பம் புறத்திலிருந்து வந்தது என்பது கொண்டு அதனை அற்பமானதென ஒதுக்குதல் முறையன்று. தமிழிலக்கியம் பயில்வோராகிய எமக்கு இஃது எளிதில் விளங்கும். குறுந்தொகையில் வேட்கை கொண்டு எவரும் பிறப்பதில்லை. உரையாசிரியரும் பதிப்பாசிரியரும் வகுப்பறை ஆசிரியரும் அவ்வேட்கையை எம்முள் வளர்த்தனர். அதனால் அது போலியாகிவிடவில்லை.

ஹயெக்கின் மறுப்புக்கு வலுவூட்டும் நிகழ்ச்சி ஒன்றை மோட்டார் வாகனத் தொழிலிற் காணலாம். போர்ட் கம்பனி 1957ஆம் ஆண்டு செப்டெம்பரில் எட்செல் என்னும் காரினை அறிமுகஞ் செய்தது. அதற்கு முன்னர் வாங்குவோரின் மனப்பாங்குகள் விரிவாக ஆராயப்பட்டன. பெயர் சூட்டுவதற்கு மரியான் மூர் என்னும் கவிஞரின் ஆலோசனைகூடக் கோரப்பட்டது; அவர் கூறிய பெயர் எதுவும் ஏற்கப்படவில்லை. பெரும் பணச்செலவில் விளம்பரங்கள் செய்யப்பட்டன. ஆயினும் மக்கள் அக்காரினை நாடவில்லை. 1959ஆம் ஆண்டு நவம்பரில் உற்பத்தி கைவிடப்பட்டது. வாங்குவோர் வெறும் பொம்மைகளாயின் எட்செல் தோற்றிருக்காது.

எனினும் இவ்விடத்திலேயே ஹயெக்கின் வழிநிற்போர் தவறிழைக்கின்றனர். விருப்பத்தை விற்போன் தன் எண்ணப்படி படைத்துவிட இயலாது என்பதிலிருந்து, விற்பனை குற்றமற்றது என்பது பெறப்படமாட்டாது. விருப்பம் வாங்குவோனுடையதாகவே இருக்கலாம். ஆனால் அவ்விருப்பத்தை நிறைவேற்றும் பொருளைப் பற்றிய அறிவு யாரிடம் உள்ளது? இரு அணியினரும் வாங்குவோனின் உள்ளத்தையே நோக்கினர். அவன் கையிலுள்ள பொருளை நோக்கத் தவறினர்.

மின்குமிழின் வரலாறு இதனைத் தெளிவுபடுத்தும். 1924ஆம் ஆண்டில் ஒஸ்ராம், பிலிப்ஸ் முதலிய பெருநிறுவனங்கள் ஜெனீவாவைத் தளமாகக் கொண்டு பீபஸ் என்னும் கூட்டமைப்பை நிறுவின. சந்தையைத் தம்முட் பங்கிட்டுக்கொண்ட இந்நிறுவனங்கள், வீட்டுப் பாவனைக்குரிய மின்குமிழின் ஆயுளை 1,000 மணித்தியாலமாக வரையறுத்தன. அதனிலும் நீண்டகாலம் எரியும் குமிழ்களை விற்ற உறுப்பு நிறுவனங்களுக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. இதனைச் சூழ்ச்சி என்று மட்டும் கூறி முடித்தல் நேர்மையாகாது. ஆயுளைக் கூட்டினால் ஒளித்திறன் குறையும். அதே ஒளிக்குக் கூடுதலான மின்சாரம் செலவாகும். இவ்வுண்மையைப் பிரித்தானிய ஏகபோக ஆணைக்குழு தனது 1951ஆம் ஆண்டு அறிக்கையில் ஏற்றுக்கொண்டுள்ளது. ஆனால் ஆயுளா, ஒளியா என்று தெரிவு செய்ய வேண்டியவன் மின்கட்டணம் செலுத்துபவன் அல்லவா? அத்தெரிவு அவன் அறியாமலே ஜெனீவாவிற் செய்யப்பட்டுவிட்டது.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின்னர் இதே அமைப்பினைக் கையடக்கத் தொலைபேசியிற் காண்கின்றோம். 2017ஆம் ஆண்டு ஜனவரியில் அப்பிள் கம்பனி வெளியிட்ட மென்பொருள், பற்றரி தேய்ந்த சில ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது. பழைய பற்றரி திடீரென வேண்டப்படும் மின்னோட்டத்தை வழங்க இயலாது போகும்போது தொலைபேசி தானே நின்றுவிடும். அதனைத் தடுப்பதே நோக்கம் எனக் கம்பனி அவ்வாண்டு டிசெம்பரில் விளக்கியது. இங்கும் தொழினுட்பக் காரணம் பொய்யன்று. ஆனால் விளக்கம், பாவனையாளர் தாமே வேகக்குறைவை அளந்து வெளிப்படுத்திய பின்னரே வந்தது. அதற்கிடையில் தமது தொலைபேசி மூப்படைந்துவிட்டதென எண்ணிப் புதியதை வாங்கியோரும் உளர். உண்மை வெளியானதும் கம்பனி பற்றரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைத்தது. 2020ஆம் ஆண்டில் பிரெஞ்சு அதிகாரிகள் விதித்த 250 இலட்சம் யூரோ தண்டம், வேகத்தைக் குறைத்தமைக்காக அன்று, அதனைப் பாவனையாளருக்கு அறிவியாது விட்டமைக்காகவே விதிக்கப்பட்டது என்பது விதந்து கூறத்தக்கது.

இவற்றிலிருந்து ஓர் உரைகல்லைப் பெறலாம். விற்போன் அறிந்ததை வாங்குவோனும் அறிந்திருந்தால் அவனது தீர்மானம் மாறியிருக்குமா? மாறியிராதெனின், விளம்பரம் எத்துணை ஆரவாரமுடையதாயினும் அதனை வஞ்சனை எனல் தகாது. உயர்வு நவிற்சியைக் கேட்போர் அதனை உயர்வு நவிற்சியெனவே கொள்வர். அழகுக்காகவும் மதிப்புக்காகவும் புதிய தொலைபேசி வாங்குபவன் ஏமாந்தவன் அல்லன். மாறியிருக்குமெனின், விளம்பரத்தில் ஒரு சொல்லேனும் பொய்யில்லாவிடினும் அங்கு வஞ்சனை நிகழ்ந்துள்ளது. 29 டொலரில் முடியக்கூடிய காரியத்துக்குப் பல நூறு டொலர் செலவிட்டவனின் விருப்பம் நிறைவேற்றப்பட்டது எனக் கூறுதல் பொருந்தாது. அவன் விரும்பியது வேகமாக இயங்கும் ஒரு தொலைபேசியையே. புதிய தொலைபேசி ஒன்றையன்று.

இவ்வுரைகல்லும் தனித்து நின்று போதுமானதன்று என ஒருவர் மறுக்கலாம். பீபஸ் காலத்தில் உண்மையை அறிந்த ஒருவனுக்கும், சந்தையின் பெரும்பகுதி அக்கூட்டமைப்பின் கையில் இருந்தமையால், வேறு குமிழ் கிடைப்பது அரிதாகவே இருந்திருக்கும். இம்மறுப்பு நியாயமானதே. ஆகவே அறிவோடு மாற்றுவழியும் வேண்டும். பிரான்சு 2021ஆம் ஆண்டு முதல் தொலைபேசி, மடிக்கணனி முதலியவற்றை எவ்வளவு எளிதிற் பழுதுபார்க்கலாம் என்பதற்கு 10க்குப் புள்ளியிட்டு விற்பனையிடத்திற் காட்டுமாறு பணித்தமை முன்னதற்கு உதாரணமாகும். பழுதுபார்த்தலை உற்பத்தியாளர் தடைசெய்யாதிருக்க ஐரோப்பிய ஒன்றியம் 2024ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட சட்டவிதிகள் பின்னதற்கு உதாரணமாகும். இத்தகைய பொருட்களை இறக்குமதி செய்து, வருவாயில் பெரும்பங்கை அவற்றுக்குச் செலவிடும் எம் போன்ற நாட்டு மக்களுக்கு இவை அயல்நாட்டுச் செய்திகள் மாத்திரம் அல்ல.

கல்பிறெயித் மக்களின் ஆசைகளை ஐயுற்றார். ஹயெக் அவ்வையத்தை நீக்கினார். இருவருக்கும் பின் வரும் விமரிசகரின் கடமை, மக்களின் ஆசைகளைத் திருத்த முற்படுவதன்று. அவர்களிடமிருந்து மறைக்கப்பட்டது யாது, யாரால், எதன்பொருட்டு என வினவுவதேயாகும்.