தூதனா, எமதூதனா?

நரம்புச் செல்லுக்கு வெளியே கால்சியம் அயனிகள் ஏராளம்; உள்ளே தனித்துத் திரிபவை சொற்பம். வித்தியாசம் சுமார் 10,000 மடங்கு. செல் இடைவிடாமல் கால்சியத்தை வெளியே இறைத்தும், எண்டோபிளாச வலை என்னும் உள்கிடங்கில் பூட்டியும் இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பாற்றுகிறது. எதற்கு இவ்வளவு பாடு? வீடு நிசப்தமாக இருந்தால்தான் மெல்லிய தட்டலும் காதில் விழும். வாயில் ஒன்று கணநேரம் திறந்து துளி கால்சியம் நுழைந்தாலே செல்லுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. எந்த நரம்பிணைப்பை வலுப்படுத்துவது, எதைத் தளர்த்துவது என்பதை அந்தச் செய்தி தீர்மானிக்கிறது. ஒரு முகம் நினைவில் தங்குவதும் நழுவுவதும் பெருமளவு இந்தத் தூதன் கையில்.

அல்சைமர் நோயில் இந்தத் தூதனே எமதூதனாகிறான் என்பது கால்சியக் கருதுகோள். அமெரிக்க தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ஜாவென் கச்சடூரியன் 1980களில் இதை முன்வைத்தார். பெரிய கால்சியச் சீர்குலைவு குறுகிய காலத்தில் விளைவிக்கும் சேதத்தை, சிறிய சீர்குலைவு நீண்ட காலத்தில் விளைவிக்கும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். பக்கவாதத்தில் சில நிமிடங்களில் நடப்பது, அல்சைமரில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது.

இதன் பலம், சிதறிக் கிடந்த தடயங்களை ஒரே கயிற்றில் கோத்தது. அல்சைமர் மூளையில் படியும் அமிலாய்டு பீட்டா புரதம் செயற்கைச் சவ்வில் தானே துளையிட்டுக் கால்சியத்தை உள்ளே விடுவதை 1993-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1995-இல் பரம்பரை அல்சைமருக்குக் காரணமான பிரெசெனிலின் மரபணு கண்டறியப்பட்டது. அதன் புரதம் குடியிருப்பது எண்டோபிளாச வலையில், அதாவது கால்சியக் கிடங்கின் சுவரிலேயே. மரபணு பிறழ்ந்த செல்களில் கிடங்கிலிருந்து வேண்டாத அளவில் கால்சியம் வெளியேறுவது பல ஆய்வகங்களில் பதிவானது. மிகுந்த கால்சியம் கால்பெயின் என்ற நொதியைத் தூண்ட, அது தொடங்கும் வினைகள் டௌ புரதத்தில் பாஸ்பேட் ஏற்றி, முறுக்கிக்கொள்ள வழிசெய்கின்றன. அமிலாய்டு ஒரு முனை, டௌ மறுமுனை; நடுவே கால்சியம். இவ்வளவு கச்சிதமான பாலத்தை வேறெந்தக் கருதுகோளும் கட்டித் தரவில்லை.

கச்சிதமே இதன் பலவீனமும் ஆகிறது. பார்க்கின்சன், ஹண்டிங்டன், பக்கவாதம் என எந்த நரம்புச் சேதத்தைத் திறந்து பார்த்தாலும் அங்கே கால்சியம் தடம்புரண்டிருக்கிறது. எல்லா நோய்க்கும் பொருந்தும் விளக்கம், அல்சைமர் ஏன் முதலில் நினைவைக் குறிவைக்கிறது என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் இன்னும் முழுமையாக இல்லை.

சான்றுகளிலும் இடைவெளிகள் உண்டு. பிரெசெனிலினே கால்சியம் கசியும் துளை என்று 2006-இல் ஓர் ஆய்வு அறிவித்தது. பிறகு வேறொரு குழு தேடிப் பார்த்தபோது அத்தகைய கசிவு அகப்படவில்லை. சோதனைகளில் பெரும்பகுதி, பரம்பரை அல்சைமரின் மரபணுக்களைப் புகுத்திய எலிகளில் நடந்தவை. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கோ அத்தகைய மரபணுப் பிறழ்வு கிடையாது. முதுமையில் வந்த நோய் அது. இன்னொரு தடை கருவி சார்ந்தது. அமிலாய்டை உயிருள்ள மனித மூளையிலேயே பெட் ஸ்கேன் காட்டிவிடுகிறது. செல்லுக்குள் துடிக்கும் கால்சியத்தை ஒளிரவைத்துப் பார்க்கும் வசதி ஆய்வகத் தட்டிலும் எலியின் மண்டையில் பதித்த கண்ணாடிச் சாளரத்திலும்தான் வாய்க்கிறது. ஆகவே மனிதரில் எது முந்தியது, கால்சியமா அமிலாய்டா என்ற வழக்கில் நேரடிச் சாட்சி இல்லை.

(இரத்தத்தின் கால்சியம் வேறு கணக்கு. அதைப் பாராதைராய்டு ஹார்மோனும் வைட்டமின் டியும் நிர்வகிக்கின்றன. இந்தக் கருதுகோளைப் படித்துவிட்டு, எலும்புக்காக மருத்துவர் தந்த மாத்திரையை யாரும் நிறுத்த வேண்டியதில்லை.)

கருதுகோளின் உரைகல் மருந்து. கால்சியம்தான் குற்றவாளி என்றால் வாயிலை அடைத்தால் போதுமே? இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் கால்சிய வாயில் அடைப்பான் நில்வாடிபினை ஐரோப்பாவில் 511 நோயாளிகளிடம் ஒன்றரை ஆண்டு சோதித்தார்கள். 2018-இல் வெளியான முடிவு: அறிவாற்றல் சரிவை அது தடுக்கவில்லை. இதே வழியில் பலன் தந்தது மெமான்டைன். 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இது, குளூட்டமேட் என்ற நரம்பு வேதிப்பொருள் திறக்கும் கால்சிய வாயிலில் தளர்வாக அமர்கிறது. நெடுநேரம் கசியும் கால்சியத்தைத் தடுத்து, கற்றலுக்கான வலுவான குறுந்துடிப்புக்கு வழிவிடுகிறது என்பது மருந்தியலாளர்களின் விளக்கம். பலன் மிதமானதுதான், நோயை நிறுத்தாது. ஆனாலும் முழுக்க அடைக்காத மருந்துக்கே கொஞ்சமாவது பலன் கிடைத்தது யோசிக்க வைக்கிறது.

தூதனைக் கொல்லலாகாது என்று இலங்கையில் வீடணன் சொன்னான். இராவணன் கொல்லவில்லை, வாலில் தீ வைத்தான், ஊர் எரிந்தது. கால்சியக் கருதுகோள் எரியும் வாலையும் எரியும் ஊரையும் துல்லியமாகப் படம்பிடித்திருக்கிறது. தூதனைக் கட்டிப்போட்டால் தீயோடு செய்தியும் நின்றுவிடும் என்பதை மருந்துச் சோதனைகள் உணர்த்துகின்றன. அதனால் இதை நோயின் முழுக்கதையாக ஏற்பதற்கில்லை. சேதம் பரவும் பாதையின் நல்ல வரைபடமாக ஏற்கலாம். அமிலாய்டு படியும் முன்பே மனித நரம்புச் செல்லில் கால்சியத்தின் தாளம் பிசகுகிறது என்று ஒருநாள் யாராவது காட்டினால், தீ வைத்த கையும் தெரிந்துவிடும். அதுவரை இது வலுவான சந்தேகம், தீர்ப்பு அல்ல.