எடுத்த எடுப்பில் பொருள் சொல்ல முடியுமா?

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணியின் 365 படிகளிலும் 'எடு' காதில் விழுந்துகொண்டே இருக்கும். காவடி எடுக்கிறார்கள், முடி எடுக்கிறார்கள், செல்போனில் படம் எடுக்கிறார்கள். பாதி ஏறுவதற்குள் குழந்தைக்குப் பசி எடுத்துவிடுகிறது. ஆங்கில 'டேக்'குக்குப் பின்னால் ஒட்டும் சிறுசொல் செய்கிற வேலையை இங்கே முன்னால் வரும் பெயர் செய்கிறது.

இத்தனைக்கும் அடியில் 'தூக்குதல்' என்ற ஒரே பொருள்தான் என்பது ஒரு கட்சி. காவடிக்குச் சரி. பாம்பு படம் எடுப்பதற்குக் கச்சிதம். செல்போன் படத்துக்கு அதைப் 'பெறுதல்' என்று நீட்ட வேண்டும். டிக்கெட், ஜவுளி, மார்க் எல்லாம் அந்த நீட்சியில் அடங்கிவிடும். முடிதான் இடக்கு பண்ணுகிறது. முடி எடுப்பதும் முடி இறக்குவதும் ஒரே மொட்டைதான். காவடியை எடுப்பதும் இறக்குவதும் ஒன்றாகுமா?

பசியில் அந்தக் கட்சி தோற்றேவிடுகிறது. 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த ஊர் திருத்தணி. தெலுங்கு இங்கே வெளியூர்ப் பேச்சல்ல. தெலுங்கில் பசியோடு சேரும் வினை 'வேயு', அதாவது போடுதல். நமக்கு எடுக்கிற பசி அவர்களுக்குப் போடுகிறது! வினை மாறியும் மாறாதது 'எனக்கு', 'நாகு' என்னும் நான்காம் வேற்றுமை. தாகமும் பிரசவ வலியும் இப்படியே நமக்கு எடுப்பவை. வாந்தியை மட்டும் ஏனோ நாமே எடுக்கிறோம்.

ஆகவே வினையைத் தனியே பிடுங்கிவைத்துப் பொருள் தேடுவது வீண். யார் எடுக்கிறார், எதை எடுக்கிறார், யாருக்கு எடுக்கிறது என்று வாக்கியத்தைத்தான் பார்க்க வேண்டும். இலக்கிய மேற்கோள்களோடு பொருள் தரும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் ஒரு சொல்லின் பழைய வழக்கை அறிய இன்றும் துணை. இந்தச் சிக்கலுக்கு, இன்றைய வாக்கியங்களை எடுத்துக்காட்டாக வைக்கும் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியே (1992) என் தேர்வு.

ஆங்கிலத்துக்கும் இதே அளவுகோல் ஓரளவு செல்லும். 'டேக் ஆஃப்' செயப்படுபொருள் இல்லாமல் வந்தால் விமானம் கிளம்புகிறது. சட்டை என்று ஒன்று வந்தால் கழற்றுகிறோம். தேர்வுக்காக வாக்கியமே இல்லாத பட்டியலை மனப்பாடம் செய்யும் மாணவருக்கு இந்த வேறுபாடு பிடிபட வழியில்லை. ஆனால் திங்கட்கிழமையை 'டேக் ஆஃப்' செய்தால் அது லீவு. சட்டையைப் போல அதுவும் செயப்படுபொருள் மாதிரியே வந்து நிற்கிறது. அங்கே இலக்கணம் கைவிட்டு, எந்தப் பெயர் என்பதே முடிவு செய்கிறது.