கஸ்ஸாலியின் துன்யாவும் நம்ம பயான் துன்யாவும்

'கஃபன் துணிக்குப் பாக்கெட் கிடையாது.' இந்த வரியைக் கேட்காமல் வளர்ந்த தமிழ் முஸ்லிம் யாராவது இருந்தால் ஆச்சரியம்தான். துன்யா ஆசை பற்றிய பயான் என்றாலே பங்களா, கார், நகை, காரூனின் கஜானா, கடைசியில் ஆறடி மண். நடுவில் 'இமாம் கஸ்ஸாலி சொல்றாங்க' என்று ஒன்றிரண்டு உவமைகள். கேட்கும்போது நெஞ்சு கனக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும் கனம் போய்விடும்.

இதுக்கு நம்ம நஃப்ஸ் மட்டும்தான் காரணமா, சொல்லுகிற விதத்திலும் கோளாறு இருக்கா என்று எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். அதனால் இஹ்யா உலூமித்தீனில் அந்தப் பகுதியைத் துண்டு துண்டாக இல்லாமல் வரிசையாகப் படித்துப் பார்த்தேன். படித்த பிறகு என் சந்தேகம் கூடிப்போச்சு. பயானில் வரும் கஸ்ஸாலி பணக்காரனைத் திட்டுகிறவர். புத்தகத்தில் இருக்கும் கஸ்ஸாலி பெரும்பாலும் பயான் செய்கிறவரைத்தான் பிடித்து உலுக்குகிறார்.

இஹ்யாவில் மொத்தம் 40 நூல்கள், பத்துப் பத்தாக நாலு பாகம். மூணாவது பாகம் 'முஹ்லிகாத்', அதாவது மனுஷனை அழிக்கிற விஷயங்கள். துன்யாவைப் பற்றிய கண்டனம் 26வது நூல். அதன் முதல் பாதி ஹதீஸ்களும் முன்னோர் சொற்களும் கோத்த மாலை. உண்மையைச் சொன்னால் நூலின் பலவீனமான இடமும் அதுதான். பின்னாளில் ஸைனுத்தீன் அல்இராக்கி (இறப்பு 1404) இஹ்யாவின் ஹதீஸ்களை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது பலவீனமானவை, ஆதாரமே கிடைக்காதவை என்று நிறையச் சிக்கின. நம்ம மிம்பர்களில் அதிகம் ஒலிப்பது இந்த முதல் பாதிதான். ஒவ்வொரு வரியும் தனியாகப் பிய்த்து எடுக்கத் தோதாக இருக்கிறது, அவ்வளவுதான் காரணம்.

இரண்டாம் பாதியில் கஸ்ஸாலி வேறு ஆளாகிறார். துன்யா என்றால் என்ன என்று ஒரு பொருளாதார ஆசிரியர் மாதிரி பிரித்துக் காட்டுகிறார். மனுஷனுக்குச் சோறு, துணி, இருப்பிடம் வேணும். அதற்கு உழவு, மேய்ச்சல், வேட்டை, நெசவு, கட்டடம் என்று ஐந்து அடிப்படைத் தொழில்கள். அவற்றுக்குக் கருவி வேணும், அதனால் தச்சரும் கொல்லரும் தோல் வேலைக்காரரும். கூடி வாழ்ந்தால் சண்டை வரும், அதற்கு நீதிபதி. காவலுக்குப் படை, படைக்குச் சம்பளம், சம்பளத்துக்கு வரி, வரி வாங்க ஆள். ஒரு கதவைத் திறந்தால் பத்துக் கதவு திறக்கிறது. இதில் எதுவும் பாவம் இல்லை. எதுக்காகக் கிளம்பினோம் என்பதை வழியில் மறந்துபோவதுதான் சிக்கல் என்கிறார். ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவன் வழித்தங்கலில் ஒட்டகத்துக்குத் தீனி போட்டு, குளிப்பாட்டி, அலங்கரித்துக்கொண்டே இருக்கிறான், கூட்டம் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஒட்டகத்தை யாரும் குறை சொல்ல முடியாது, இல்லையா?

இதே இடத்தில்தான் உழைக்காமல் பிழைக்கிறவர்களின் பட்டியலும் வருகிறது. திருடர்கள், குருடு போல நடிக்கிற பிச்சைக்காரர்கள், தெருவில் வித்தை காட்டுகிறவர்கள் என்று போகும்போதே, ஆழமான கல்வி இல்லாமல் மிம்பரில் ஏறிப் பாமரர் மனதை இளக்கிக் காசு பார்க்கிற பிரசங்கிகளையும் அந்த வரிசையில் சேர்த்துவிடுகிறார். இந்த மாதிரி யாசகம் ஆயிரம் வகைக்கு மேலே இருக்குமாம். துன்யாவைக் கண்டிக்கிற நூலுக்குள்ளேயே இந்த வரி உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பயானிலும் நான் கேட்டதில்லை!

அடுத்து வரும் நூல்களின் வரிசையையும் கவனிக்கணும். 27 பண ஆசையும் கஞ்சத்தனமும். 28 அந்தஸ்து ஆசையும் முகஸ்துதியும். 29 பெருமை. 30 'குரூர்', அதாவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது. பணத்தில் தொடங்கி மெல்ல மெல்ல உள்ளே போகிறார். பணத்தை விட்டவன் 'இவர் பணத்தை விட்டவர்' என்ற பெயருக்கு ஆசைப்படுவான். அதையும் விட்டவன் தன் பணிவை நினைத்துப் பெருமைப்படுவான். தமிழில் இஹ்யாவின் பகுதிகள் தனித்தனிச் சிறு நூல்களாகப் படிக்கக் கிடைப்பது நல்லதுதான். ஆனால் அப்படிப் படிக்கும்போது இந்தப் படிக்கட்டு கண்ணில் படுவதில்லை.

30வது நூலில் யாரும் தப்பவில்லை. பற்றின்மையைப் பற்றி உருக்கமாகப் பேசுவதாலேயே பற்று விட்டுப்போச்சு என்று நம்பும் பிரசங்கி இருக்கிறார். சாயம் போட்ட நேர்த்தியான ஒட்டுத்துணி அங்கி போட்ட சூஃபி இருக்கிறார். பள்ளிவாசலும் பாலமும் கட்டி, சுட்ட செங்கல்லில் தன் பெயரைப் பொறிக்கும் செல்வர் இருக்கிறார். பக்கத்து வீடு பட்டினி கிடக்க மறுபடி மறுபடி ஹஜ்ஜுக்குப் போகிறவரும் இருக்கிறார். (நம்ம பள்ளிகளில் மின்விசிறி இறக்கையில்கூட உபயதாரர் பெயர் சுற்றிக்கொண்டிருக்கும். தொழுகையில் அதைப் படித்துத் தொலைக்காமல் இருப்பதே ஒரு முஜாஹதா.)

இதெல்லாம் வெளியே நின்று எழுதியது இல்லை. 1091ல் நிஸாமுல் முல்க் அவரைப் பக்தாத் நிஸாமிய்யாவின் பேராசிரியராக்கினார். அன்றைக்கு ஒரு ஆலிமுக்கு அதைவிடப் பெரிய இடம் கிடையாது. 300 மாணவர்களுக்குப் பாடம் நடத்தியதாக அவரே 'அல்முன்கித்' நூலில் சொல்கிறார். அதே நூலில், அந்தப் பாடம் அல்லாஹ்வுக்காக இல்லை, அந்தஸ்துக்காகவும் புகழுக்காகவும்தான் என்று ஒப்புக்கொள்கிறார். 1095 ஜூலையிலிருந்து ஆறு மாத காலம் போகவா இருக்கவா என்று இழுபறி. நாக்கு கட்டுப்பட்டுப் பாடம் நடத்த முடியாமல் போனது, சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் மக்காவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஷாமுக்குக் கிளம்பினார். ஈராக் ஆலிம்களுக்கு இது புரியவே இல்லையாம். அந்தப் பதவிதான் தீனிலேயே உயர்ந்த இடம் என்று அவர்கள் நம்பினதால், அதைத் தீனுக்காக ஒருவர் விடமுடியும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. துன்யாவின் ஆபத்து பற்றி நான் படித்ததில் என்னை அதிகமாக உறுத்திய இடம் இது. ஆபத்து நகைக்கடையில் இல்லை, மதரஸாவின் தலைமை நாற்காலியில் இருந்தது.

இவ்வளவு சொல்லிவிட்டு, அவரிடம் எனக்கு இருக்கிற சண்டையையும் சொல்லணும். 26வது நூலில் உழவரையும் தொழிலாளியையும் பற்றி ஒரு இடம் வருகிறது. பகலில் உழைப்பது ராத்திரி சாப்பிட, ராத்திரி சாப்பிடுவது பகலில் உழைக்க. நீர் இறைக்கிற மிருகத்தின் நடை மாதிரி அது சாகும்வரை முடியாது என்கிறார். நம்ம ஊர்க் கமலை மாட்டை நினைத்துக்கொள்ளலாம். உவமை அழகுதான். ஆனால் யார் சொல்கிறார்? பக்தாதை விட்டுப் போகும்போது பிள்ளைகளுக்குத் தேவையானதை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் போனார், ஈராக்கின் வக்ஃப் சொத்து அதுக்கு உதவியது என்று அவரே எழுதுகிறார். அதில் தப்பே இல்லை, பொறுப்பான தகப்பன் செய்கிற வேலை. ஆனால் வக்ஃப் இல்லாத உழவனுக்கு அந்தச் சுற்று மறதியால் வந்ததில்லை. நாளைக்கு உலை வைக்கணும் என்பதால் வந்தது. அவனை நாற்காலி ஆசை பிடித்த ஆலிமோடு ஒரே தராசில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இன்றைக்கும் துன்யா பயானைத் தலை குனிந்து கேட்கிறவர்களில் பாதிப் பேர் கடன் தவணை கட்ட ஓடுகிறவர்கள்.

நான் ஒருத்தன் புதுசாகக் கண்டுபிடித்த குறை இல்லை இது. இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு எதிர்ப்பை 12ஆம் நூற்றாண்டிலேயே பக்தாதின் இப்னுல் ஜவ்ஸி 'தல்பீஸ் இப்லீஸ்' நூலில் எழுதிவிட்டார். செல்வந்த ஸஹாபியான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபின் சொத்தையே குறையாகக் காட்டும் முஹாஸிபியின் பேச்சைக் கஸ்ஸாலி ஆமோதித்து எடுத்தாண்டது அவருக்குப் பொறுக்கவில்லை. வாரிசுகளைக் கையேந்த விடுவதைவிட வசதியாக விட்டுப்போவது மேல் என்று நபி (ஸல்) அவர்கள் ஸஅத் (ரலி) அவர்களுக்குச் சொன்னதை ஞாபகப்படுத்துகிறார். ஹலாலான பணத்தைச் சேர்ப்பது குற்றமில்லை, பணத்தைப் பழிப்பதைத் தீனாக்காதே என்பது அவர் வாதம். இந்த இடத்தில் என் ஓட்டு இப்னுல் ஜவ்ஸிக்கு.

கஸ்ஸாலியும் 1106ல் ஃபக்ருல் முல்க் வற்புறுத்தியபோது நைஸாபூர் நிஸாமிய்யாவில் மறுபடி பாடம் நடத்தப் போனார். முன்பு நடத்தியது அந்தஸ்தைச் சேர்க்கிற கல்வி, இப்போது நடத்துவது அதை விடச் சொல்கிற கல்வி என்று விளக்கமும் தருகிறார். இதை நம்பலாமா? குரூர் பற்றி அவர் எழுதினதைப் படித்துவிட்டு வந்தவனுக்குச் சட்டென்று தலையாட்ட வராது. சில வருஷத்தில் அதையும் விட்டுச் சொந்த ஊர் தூஸுக்குத் திரும்பி, 1111ல் அங்கேயே இறந்தார்.

இப்னுல் ஜவ்ஸி விஷயத்தில் ஒன்று பாக்கி இருக்கு. இஹ்யாவைக் கடுமையாகத் தாக்கிய அவரே, உட்கார்ந்து பலவீனமான ஹதீஸ்களைக் களைந்து, அதற்கு 'மின்ஹாஜுல் காஸிதீன்' என்று ஒரு சுருக்கமும் எழுதினார். அவர் பக்தாதின் மிகப் பெரிய பிரசங்கி. 1184ல் அங்கே வந்த பயணி இப்னு ஜுபைர், அவருடைய சபைகளில் ஜனங்கள் கதறி அழுததை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர் தன் சுருக்கத்தில், பிரசங்கிகளின் தற்பெருமையைக் குடைகிற குரூர் பகுதியையும் சேர்த்தே வைத்திருக்கிறார்.