கொலையாளிக்கு ஒரு பால்யம்

தமிழ் சினிமாவில் தொடர்கொலைகாரன் பிடிபடும் கட்டத்துக்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ ஒரு சிறுவன் வந்து நிற்பான். அரைக்கால் சட்டை, எண்ணெய் வழிந்த தலை, பூட்டிய அறை. அவனை ஒரு சித்தி அடிப்பாள். சித்தி இல்லையென்றால் டீச்சர். டீச்சரும் இல்லையென்றால் அப்பாவின் வாழ்க்கையில் நுழைந்த இன்னொரு பெண். பின்னணியில் வயலின் அழும். ஐந்தாறு நிமிடத்தில் அத்தனை பிணங்களுக்கும் கணக்குத் தீர்ந்துவிடும். பார்வையாளரும் நிம்மதியாக எழுந்து போவார்.

இந்த நிம்மதிதான் எனக்குச் சந்தேகத்துக்குரியதாகப் படுகிறது. நம்முடைய உளவியல் கொலைப்படங்களை ஒருசேரப் பார்த்தால், யார் கொன்றான் என்ற கேள்வியில் அவை எவ்வளவோ சாமர்த்தியம் காட்டியிருக்கின்றன. ஏன் கொன்றான் என்ற கேள்வி வந்ததும் பெரும்பாலானவை ஒரே பதிலைத்தான் எழுதுகின்றன.

இதை நொய்கெல்னிலிருந்து எழுதுவதில் ஒரு பொருத்தம் உண்டு. பேர்லினின் தென்கிழக்கில் உள்ள இந்தப் பகுதியே நெடுங்காலமாகச் சந்தேகப் பட்டியலில் இருப்பது. முன்பு இதன் பெயர் ரிக்ஸ்டோர்ஃப். மதுக்கடைக்கும் நடனக்கூடத்துக்கும் கெட்ட பெயரெடுத்த ஊர் என்பதால், 1912 ஜனவரியில் நகரத்தார் பெயரையே மாற்றிவிட்டார்கள். பெயர் மாறியது, பேச்சு மாறவில்லை. 2017இல் வந்த '4 பிளாக்ஸ்' தொடர் அரபுக் குடும்பம் ஒன்றின் போதைப்பொருள் சாம்ராஜ்யத்தை இங்கேதான் வைத்தது. ஜெர்மன் தொலைக்காட்சியில் நொய்கெல்ன் என்று சொன்னாலே பாதிப்பேருக்குக் காவல்துறை வண்டியின் சைரன் கேட்கும். நமக்கோ இது பிரிட்ஸ் பகுதியில் மயூரபதி முருகன் கோயில் இருக்கிற ஊர். கார்ல் மார்க்ஸ் வீதியில் 'பசாஷ்' என்ற கட்டடத்துக்குள் இன்றும் ஒரு திரையரங்கு ஓடுகிறது. அதை 1910 வாக்கில் கட்டிய ரைன்ஹோல்ட் கீல்தான், இன்று நொய்கெல்ன் மருத்துவமனையாக இருக்கும் பழைய ரிக்ஸ்டோர்ஃப் ஆஸ்பத்திரியையும் கட்டியவர். சினிமாவுக்கும் வைத்தியத்துக்கும் ஒரே கட்டடக் கலைஞர்.

ரிக்ஸ்டோர்ஃப் என்ற நொய்கெல்ன் பேர்லினோடு இணைக்கப்பட்டது 1920 அக்டோபரில். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் பேர்லினின் மார்மோர்ஹவுஸ் அரங்கில் 'டாக்டர் கலிகாரியின் பெட்டகம்' வெளியானது. கோணல் சுவர்களும் சாய்ந்த ஜன்னல்களும் தரையிலேயே தீட்டிய நிழல்களும் கொண்ட படம். தூக்கத்தில் நடப்பவனை ஏவிக் கொலை செய்விக்கும் ஒரு மருத்துவரின் கதை; கடைசியில், கதை சொன்னவனே மனநல விடுதியில் இருப்பவன் என்று தெரிகிறது. அந்தக் கடைசித் திருப்பம், அதிகாரத்துக்கு எதிரான ஒரு கதையை அதிகாரத்துக்குச் சாதகமாக மடக்கிவிட்டது என்று பின்னாளில் சினிமா விமர்சகர் சீக்ஃப்ரீட் கிராகவர் குற்றம் சாட்டினார். குற்றம் சொன்னவன் பைத்தியம் என்றாகிவிட்டால் குற்றமே இல்லாமல் போய்விடுகிறதே! நூறாண்டு கழிந்தும் 'எல்லாம் அவன் மனதுக்குள் நடந்தது' என்று முடிக்கிற படங்கள் இந்தப் பழைய தந்திரத்தைத்தான் தூசி தட்டுகின்றன.

1926இல் பாப்ஸ்ட் எடுத்த 'ஓர் ஆன்மாவின் ரகசியங்கள்' இன்னும் விசித்திரமானது. கலிகாரியாக நடித்த அதே வெர்னர் கிராவுஸ் இதில் கத்தியைக் கண்டாலே நடுங்குகிறார். மனைவியைக் கொன்றுவிடுவோமோ என்ற பயம். பேர்லின் உளப்பகுப்பாய்வு வட்டத்தின் கார்ல் ஆப்ரஹாமும் ஹான்ஸ் சாக்ஸும் ஆலோசகர்கள். ஃபிராய்ட் தன் பெயரைச் சேர்க்க மறுத்துவிட்டார். படத்தில் கொலையே நடப்பதில்லை. கொலை எண்ணம் வந்தவன் மருத்துவரிடம் போகிறான், பேசுகிறான், குணமாகிறான். நம்மூரில் இப்படி ஒரு கதையை எந்தத் தயாரிப்பாளரிடமும் சொல்லிவிட முடியாது.

இவற்றையெல்லாம் தாண்டி நிற்பது 1931 மே மாதம் வெளியான ஃபிரிட்ஸ் லாங்கின் 'எம்'. அப்போது பேர்லின் கொலை விசாரணைப் பிரிவை நடத்தியவர் ஏர்ன்ஸ்ட் கென்னாட். தடயங்களைத் தொடாமல் காப்பதையும் கொலை வழக்குகளை ஓரிடத்தில் கோப்பாக்குவதையும் வழக்கமாக்கிய மனிதர். 'தொடர்கொலையாளி' என்ற சொல்லை 1930இல் அச்சில் பயன்படுத்தியவரும் அவரே. படத்தில் வரும் லோமான் என்ற பருத்த அதிகாரி அவருடைய சாயல்தான். பீட்டர் லோரே நடித்த கொலைகாரன் குழந்தைகளைக் கொல்பவன். போலீஸ் கெடுபிடியால் தொழில் கெட்டுப்போன திருடர்களும் ரௌடிகளும் அவனைப் பிடித்து, பாழடைந்த மதுத் தொழிற்சாலையில் நீதிமன்றம் கூட்டுகிறார்கள். நீதிபதியின் இடத்தில் நிற்பவனே மூன்று கொலைகளுக்காகத் தேடப்படுகிறவன். பயத்தில் கண் பிதுங்கிய கொலைகாரன், தனக்குள் ஒருவன் தன்னைத் துரத்துவதாகவும் தன்னால் நிறுத்த முடியவில்லை என்றும் கதறுகிறான். உன்னை விட்டால் 51ஆம் பிரிவைக் காட்டித் தப்பிவிடுவாய் என்கிறது கூட்டம். சித்த சுவாதீனம் இல்லாதவனுக்குத் தண்டனை இல்லை என்று சொன்ன அன்றைய ஜெர்மன் சட்டப்பிரிவு அது. நம் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவுக்குச் சமம்.

லாங் இந்தக் கொலைகாரனுக்குப் பால்யம் தரவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. சித்தி இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. அவன் ஏன் இப்படி ஆனான் என்று படம் விளக்குவதில்லை. விளக்காததால் இவனை என்ன செய்வது என்ற கேள்வி நம் மடியில் விழுகிறது. திரையில் கொலைவெறியோடு கூச்சலிடும் அந்தக் கூட்டத்தில் நாமும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். ஆனாலும் படம் முற்றிலும் தூய்மையானதல்ல. போலீஸ் அவனை மோப்பம் பிடிப்பது மனநல விடுதிகளிலிருந்து வெளிவந்தவர்களின் பட்டியலை வைத்துத்தான். அந்தச் சந்தேகப் பட்டியல் திரையோடு நிற்கவில்லை. 1940இல் நாஜிகள் 'நிரந்தர யூதன்' என்ற பிரசாரப் படத்தில் யூதரான லோரேயின் அந்தக் கதறல் காட்சியையே வெட்டி ஒட்டினார்கள். அதே நாட்களில், நொய்கெல்னிலிருந்து சில கிலோமீட்டரில், டியர்கார்டன் வீதி 4ஆம் எண் வீட்டிலிருந்து மனநோயாளிகளையும் ஊனமுற்றவர்களையும் கொல்லும் திட்டம் நடந்தது. 1941 ஆகஸ்ட் வரையில் மட்டும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நச்சுவாயுவால் கொல்லப்பட்டார்கள். அந்த இடத்தில் நினைவகம் எழுந்தது 2014இல். பைத்தியக்காரன் ஆபத்தானவன் என்ற வாக்கியத்தை இந்த நகரத்தில் சாதாரணமாக உச்சரிக்க முடியாது.

பேர்லினின் இந்த நிழல் சென்னைக்கு வந்தது சுற்றுவழியில். 1924இல் பேர்லினை ஒட்டிய பாபெல்ஸ்பெர்க் ஸ்டூடியோவில் வேலை பார்த்த இளம் ஹிட்ச்காக், ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் படமெடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். கேமராவாலேயே கதை சொல்வதை அங்கே கற்றார். நம் ஆட்கள் ஹிட்ச்காக்கிடம் கற்றார்கள். (நேர்வழியும் ஒன்று இருந்திருக்கலாம்: 'எம்' படத்தின் திரைக்கதையில் பங்கேற்ற தெயா ஃபொன் ஹார்பூ, லாங்கைப் பிரிந்த பின் ரகசியமாக மணந்துகொண்டது ஆயி டெண்டுல்கர் என்ற மராத்தியப் பத்திரிகையாளரை. அவர் வழியாக இந்தியாவுக்கு 'எம்' வரவில்லை. ஹார்பூ நாஜிக் கட்சியில் சேர்ந்ததுதான் மிச்சம்.)

தமிழில் முதல் பெரிய பாய்ச்சல் வீணை எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்'. 1954 ஏப்ரலில் ஏவி.எம். வெளியிட்டது. பாட்டு இல்லை, நடனம் இல்லை. ஒரு வீணை வித்துவான் பாட்டே இல்லாத படத்தை எடுத்தார் என்பதை இன்னும் நாம் முழுதாக வியந்து முடிக்கவில்லை. ஜாவர் சீதாராமன் எழுதி, துப்பறிபவராகவும் நடித்தார். 1943இல் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட நேரம். ராஜன் என்ற ரேடியோ இன்ஜினீயர் சுடப்பட்டுக் கிடக்கிறான். தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், மனைவி என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். 'ரஷோமோன்' நினைவுக்கு வரும். ஆனால் குரோசாவாவுக்கு உண்மை என்ற ஒன்று உண்டா என்பது கேள்வி. பாலசந்தருக்கு அது அல்ல. செத்தவன் யார் என்பதே அவர் கேள்வி. சிவாஜி நடித்த அந்தப் படித்த, கெட்டிக்கார இளைஞன் தன் தேசம் தன்னை மதிக்கவில்லை என்ற கசப்பில் எதிரிக்குத் தகவல் விற்றவன். அவனுக்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் நம்மை ஆறுதல்படுத்துவதில்லை. வேலை கேட்டு அலைந்து அவமானப்பட்ட எந்த இளைஞனுக்கும் அவன் கோபம் புரியும், அதுதான் தொந்தரவு. சுட்டது யார் என்பதை எழுபது ஆண்டு கழித்தும் இங்கே சொல்லப்போவதில்லை, பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

படம் ஓடவில்லை என்பார்கள். அதன்பின் மர்மப் படங்கள் பாட்டோடுதான் வந்தன. 1964இல் 'புதிய பறவை' வங்காளப் படமான 'சேஷ் அங்க'வைத் தழுவி, குற்றவுணர்வை ஒரு மாளிகைக்குள் அடைத்து வைத்தது. சௌகார் ஜானகி வாசல்படியில் வந்து நிற்கிற கணம் இன்றும் உடலைச் சில்லிட வைக்கும். பாலசந்தரே 'பொம்மை', 'நடு இரவில்' என்று தனிப்பாதையில் போய்ப் பார்த்தார். பின்னால் யாரும் வரவில்லை.

பால்யம் வந்து சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். 1978இல் 'சிகப்பு ரோஜாக்கள்'. கிராமத்து இயக்குநர் என்று பெயர் வாங்கிய பாரதிராஜா நகரத்துக்கு வந்து, கமல்ஹாசனைக் கோட்டு சூட்டுடன் கொலைகாரனாக்கி, பிணங்களின் மேல் ரோஜாத் தோட்டம் வளர்த்தார். அவனுக்குப் பெண்கள் இழைத்த அநீதி என்று ஒரு சிறுவயதுக் கதை. 1980இல் 'மூடுபனி'.

'மூடுபனி' பற்றிக் கொஞ்சம் நிற்க வேண்டும். அதை எடுத்த பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழிக்காரர். எண்பதுகளில் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிரீட்ரிஷ் ஸ்ட்ராஸ ரயில் நிலையம் வழியே மேற்கு பேர்லினுக்குள் அகதிகளாக வந்த ஈழத் தமிழர்களுக்கு அவர் நம்மூர்ப் பெடியன். இரவல் வாங்கிய வீடியோ கசெட் கொப்பியில் அவர் படத்தைப் பார்ப்பதில் தனிப் பெருமை. ராஜேந்திரகுமாரின் 'இதுவும் ஒரு விடுதலைதான்' நாவலிலிருந்து பிறந்த படம், ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வின் நிழலும் உண்டு. இளையராஜாவுக்கு நூறாவது படம். பிரதாப் போத்தனின் சந்துரு சாதுவான பையன் மாதிரிப் பேசுவான். பாலியல் தொழில் செய்யும் பெண்களைக் கொல்வான். அவனால் கடத்தப்படும் ரேகாவாக ஷோபா. படம் திரைக்கு வரும்போது அவர் உயிரோடு இல்லை. இயற்கை வெளிச்சத்தில், ஊட்டியின் சாம்பல் நிறத்தில் பாலு மகேந்திரா காட்டியது கலிகாரியின் கோணல் சுவர்களுக்கு நேர் எதிரான ஒன்று: எல்லாம் சாதாரணமாக இருக்கிற உலகில் ஒருவன் மட்டும் கோணல். ஒளிப்பதிவில் இது சாதனை. காரணத்தில்? அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்த பெண், அம்மாவின் கண்ணீர். கொல்லப்படுகிறவளும் பெண், கொலைக்குக் காரணமும் பெண்.

அந்த வாய்ப்பாடு அதன்பின் பெரும்பாலும் மாறவில்லை. 'மன்மதன்' (2004) படத்தில் ஏமாற்றிய காதலி. 'ராட்சசன்' (2018) படத்தில் தோற்றத்தைக் கேலி செய்து விரட்டும் பள்ளிச் சிறுமி. மிஷ்கினின் 'சைக்கோ' (2020) படத்தில் வதைக்கும் ஆசிரியை. இவற்றில் 'ராட்சசன்' திகில் கட்டுவதில் தமிழின் மிகச் சிறந்த படங்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பரிசுப் பெட்டி பொம்மைத் தலைகளை மறக்க முடியாது. ஆனால் அது ஒரு நோயின் விளைவான உடல் தோற்றத்தையே அச்சமூட்டும் பொருளாக்கியது. அதை யாரும் அப்போது பெரிதாகக் கேட்கவில்லை.

2001ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக் கிடந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். இறந்தவர்கள் 28 பேர். மூன்று மாதம் கழித்துத் தீபாவளிக்குக் கமல்ஹாசனின் 'ஆளவந்தான்' வந்தது. மொட்டைத் தலையும் சங்கிலியுமாக மனநல விடுதியில் இருக்கும் நந்து தப்பித்து வந்து கொல்கிறான். காரணம் சித்தியின் கொடுமை. படம் ஏர்வாடிக்கு முன்பே எழுதி எடுக்கப்பட்டது, ஆகவே கமலைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. தமிழகத்தின் நிஜத்தில் சங்கிலியில் இருந்தவர்கள் செத்தார்கள், திரையில் சங்கிலியில் இருந்தவன் கொன்றான். அரங்கில் உட்கார்ந்திருந்த நாம் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் என் குறை. நான்கு ஆண்டுக்குள் 'சந்திரமுகி'யும் 'அந்நிய'னும் ஒரே கோடையில் பிளவாளுமையைக் குடும்பப் பொழுதுபோக்காக்கின. முன்னதன் மலையாள மூலமான 'மணிச்சித்ரத்தாழ்' மனநல மருத்துவருக்குக் கொடுத்திருந்த கனம் தமிழில் ரஜினியின் ஸ்டைலுக்குள் கரைந்துபோனது.

சட்டம் இந்த விஷயத்தில் சினிமாவைவிடக் குழப்பத்தை ஒப்புக்கொள்ளும். அறுபதுகளில் பம்பாயில் நடைபாதைவாசிகளைக் கொன்ற ராமன் ராகவுக்கு விதித்த தூக்குத் தண்டனை, அவருக்குத் தீராத மனச்சிதைவு நோய் இருப்பதாக மருத்துவக் குழு சொன்னதால் 1987இல் ஆயுள் தண்டனையானது. கேட்டவர்களுக்கு அது திருப்தி தந்திருக்காது. தரவேண்டிய அவசியமும் இல்லை.

பால்யத்தின் பிடியிலிருந்து விலக முயன்றவையும் உண்டு. 2011 பிப்ரவரியில் இரண்டு படங்கள் வந்தன. கௌதம் மேனனின் 'நடுநிசி நாய்கள்' பின்னணி இசையைத் துறந்தது. 'எம்' படத்திலும் பின்னணி இசை கிடையாது, கொலைகாரனின் சீழ்க்கை மட்டும்தான். கௌதம் துறந்தது இசையை மட்டும், பால்யத்தை அல்ல. சிறுவனை வதைத்தது அப்பா என்பதொன்றே புதிது. மிஷ்கினின் 'யுத்தம் செய்' வேறு உயரத்தில் நிற்கிறது. அட்டைப்பெட்டிகளில் வெட்டிய கைகள் ஊரெங்கும் கிடைக்கின்றன. தேடிப் போனால் அங்கே மனம் பிறழ்ந்தவன் யாருமில்லை. பெண்ணைப் பறிகொடுத்த ஒரு நடுத்தரக் குடும்பம் இருக்கிறது. அந்த அப்பாவும் அம்மாவும் செய்தது தவறா என்று துப்பறிபவராக நடித்த சேரனின் முகம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. 'அந்த நாள்' படத்துக்குப் பிறகு பதில் நம் மடியில் விழுந்த தமிழ்ப் படம் இதுதான் என்பேன். 2023இல் வந்த 'போர் தொழில்' கொலையாளியின் சிறுவயதைக் காட்டத்தான் காட்டியது, ஆனால் அதே பயத்தோடு வளர்ந்த இளம் போலீஸ்காரனைப் பக்கத்தில் நிறுத்தியதால் அந்தப் பால்யம் தீர்ப்பாகாமல் தப்பித்தது.

பேர்லின் தமிழ்ச் சங்கங்களுக்கும் இங்கே படிக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மண்டபம் எடுக்கிற காசில் ஒருமுறை நொய்கெல்னின் சின்னத் திரையரங்கு ஒன்றை ஒரு மாலைக்கு வாடகைக்கு எடுங்கள். 'அந்த நாள்' படத்துக்கு ஜெர்மன் துணைத்தலைப்பு எழுத நம் இளையவர்களுக்கு ஒரு மாதம் போதும். முதலில் 'எம்', பிறகு 'அந்த நாள்'. இந்த ஊர்க்காரர்களையும் கூப்பிடுங்கள்.