குளிரும் குளிர்ச்சியும்

சமீபத்துக் கவிதைத் தொகுப்புகளில் ஒரு பூகோளக் குழப்பம் இருக்கிறது. கவிஞர் இருப்பது விருதுநகரிலோ விழுப்புரத்திலோ. கவிதைக்குள் நடப்பது அக்டோபர் மாத லண்டன். இலைகள் உதிர்கின்றன, பனி மூடுகிறது, ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒருவன் தனியாகக் காபி குடிக்கிறான். உதிரும் இலை முதுமைக்கு உவமையாம். நம் ஊர் வேம்பு மாசி பங்குனியில் இலையைக் கொட்டும்போதே துளிரையும் விட்டுவிடுகிறது. சித்திரையில் பூத்து நிற்கிறது. அதை வைத்து முதுமையைச் சொல்ல முடியாது என்பது மரத்தைப் பார்த்தவனுக்குத் தெரியும். எலியட் 1922இல் ஏப்ரல் மாதத்தைப் பழித்துத் தன் கவிதையைத் துவக்கினார் என்றால் அதற்குப் பின்னால் அவர் கழித்த குளிர்காலம் ஒன்று இருந்தது. நம்மவர் ஏப்ரலைப் பழிப்பதற்குப் பின்னால் எலியட் மட்டுமே இருக்கிறார். (ஏப்ரலைப் பழிக்க நமக்கும் நல்ல காரணங்கள் உண்டு. அவை கவிதைக்குள் வருவதில்லை.)

வெயில் பிடிக்குமா குளிர் பிடிக்குமா என்பது அவரவர் ருசி, இதில் விமர்சகனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ருசி மொழிக்குள்ளும் இருக்கிறது, அதனால்தான். ஆங்கிலம் அன்பைச் சூட்டோடு சேர்க்கிறது, அலட்சியத்தைக் குளிரோடு. தமிழில் மனம் குளிர்கிறது, கண் குளிரப் பார்க்கிறோம், வயிறு குளிர வாழ்த்துகிறோம். அருளுக்கே தண்ணளி என்று பெயர். அரசனின் குடை தருவது நிழல். சுடுவது சொல், பழி, கோபம். மொழிபெயர்ப்பு நாவல்கள் வழியாக உள்ளே நுழைந்த 'கதகதப்பான புன்னகை' இன்று நம் சொந்தக் கதைகளிலும் எல்லா முகங்களிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. மே மாதத் திருச்சியில் ஒருவர் அப்படிப் புன்னகைத்தால் எனக்குச் சற்றுத் தள்ளி உட்காரத்தான் தோன்றும்.

இதைக் கொண்டு தமிழ் மனம் குளிரை விரும்புவது என்று யாராவது முடிவு கட்டினால் அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது விரும்புவது குளிர்ச்சியை. குளிர் ஒரு சீதோஷ்ணம். குளிர்ச்சி என்பது வெயிலோடு உள்ள ஓர் உறவு. வெயில் இல்லையென்றால் பானைத் தண்ணீர் வெறும் தண்ணீர், வெட்டிவேர் வெறும் வேர், புளியமரத்து நிழல் கொஞ்சம் இருட்டு.

இந்த வித்தியாசத்தை நான் கண்டுபிடித்ததாகப் பெருமை கொள்ள வழியில்லை. பத்துப்பாட்டில் நக்கீரர் அதைச் செய்து முடித்துவிட்டார். நெடுநல்வாடையின் முதற்பகுதி தமிழில் குளிரைப் பற்றிய மிகச் சிறந்த எழுத்து என்று நினைக்கிறேன். மாடு மேய்கிறவர்கள் கூடிக் கைகளை நெருப்பில் காய்ச்சிக்கொள்கிறார்கள், விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன, பறவைகள் விழுகின்றன. இதுவரை கண்ணில் பட்டதைச் சொன்ன வர்ணனைதான், சாமர்த்தியமுள்ள யாரும் செய்யக்கூடியது. ஊருக்குள் வந்ததும் அவர் செய்வது வேறு. வடக்கிலிருந்து வந்த சந்தனக்கல் அரைப்பாரின்றிக் கிடக்கிறது. விசிறி சிலந்தி நூல் படிந்து தொங்குகிறது. வேனிற்காலப் படுக்கையறைக்குத் தென்றலைக் கொண்டுவந்த சாளரம் தாழிட்டுக் கிடக்கிறது. குறுகிய வாய்க் குடத்துத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. அகன்ற வாய்ச் சட்டியில் நெருப்பு இருக்கிறது. குளிர் எவ்வளவு என்பதற்கு அவர் வைத்திருக்கும் அளவுகோல், குளிர்ச்சிக்கென்று மனிதர்கள் சேர்த்துவைத்திருந்த பொருள்கள் எல்லாம் வேலையிழந்து நிற்பதுதான். ஒரு வெப்ப நாட்டுக்காரன் மட்டுமே குளிரை இப்படி எழுத முடியும். அவனுடைய வீடு முழுவதும் வெயிலுக்காகக் கட்டப்பட்டது. 188 வரிப் பாட்டில் இந்தச் சில வரிகளை உரைகாரர் துணையோடு நிதானமாகப் படித்தால், நம் இறக்குமதிப் பனி எவ்வளவு மெலிந்தது என்று தெரியும். அந்தப் பனியில் எந்தப் பொருளும் வேலையிழப்பதில்லை.

குளிர்ச்சி போய்க் குளிரே விரும்பத்தக்கதாக ஆனதற்குச் சரித்திரம் உண்டு. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். பின்னால் சென்னை ராஜதானி அரசாங்கமே கோடைதோறும் உதகைக்கு ஏறியது. அவர்களுக்கு அந்தக் குளிர் சொந்த ஊர். அதைத் தேடியதில் பாசாங்கில்லை. மே மாதம் பஸ்ஸில் இடம் பிடித்து அங்கே போய் ஸ்வெட்டர் வாடகைக்கு எடுக்கிற நாம் தேடுவது எது என்பது விளங்கவில்லை. என் உத்தியோக உலகிலிருந்து ஒரு தகவல்: ஆயிரம் மீட்டருக்கு மேலுள்ள ஊரில் வேலை பார்க்கும் வங்கி ஊழியனுக்கு மலைப்படி உண்டு. குளிரைக் கஷ்டமென்று ஊதிய ஒப்பந்தம் ஒப்புக்கொள்கிறது. வேலூர் வெயிலுக்கு அந்த அந்தஸ்து இல்லை.

மலைப்படி இல்லாமல் மலையேறியவர்களும் உண்டு. பி.எச். டேனியல் என்ற டாக்டர் ஆனைமலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி 1969இல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' நாவலை எழுதினார். இரா. முருகவேள் 2007இல் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். திருநெல்வேலிச் சமவெளியின் வறட்சியிலிருந்து கங்காணியின் வார்த்தையை நம்பிப் போனவர்கள் அதில் வருகிறார்கள். அவர்களுக்குக் குளிர் என்பது மழை, அட்டை, காய்ச்சல். கம்பளியைக்கூடக் கடன் கணக்கில் ஏற்றிய உலகம் அது. நாவலாக அதற்குக் குறைகள் உண்டு. பாத்திரங்கள் ஒரு வாதத்துக்குச் சாட்சியாகவே பெரும்பாலும் நிற்கிறார்கள். ஆனால் அதில் வருகிற பனிக்குள் ஒரு உடம்பு நிற்கிறது.

காம்யூவை இங்கே பலரும் தத்துவத்துக்காகப் படித்தார்கள். நான் அவரை வெயிலுக்காகப் படிக்கச் சொல்வேன். அல்ஜீரியாவில் பிறந்த அவருக்குக் கடலும் வெயிலும் நிஜமான விருப்பம். 1944இல் வந்த 'தவறான புரிதல்' நாடகத்தில் மத்திய ஐரோப்பாவின் இருண்ட ஊர் ஒன்றில் விடுதி நடத்தும் மார்த்தா, வெயிலும் கடலும் உள்ள நாட்டுக்குப் போகப் பணம் வேண்டி, தாயோடு சேர்ந்து விருந்தினரைக் கொல்கிறாள். 'அந்நியன்' (1942) நாவலில் மெர்சோ வெயிலில் கொல்கிறான். கோர்ட்டில் அதையே காரணமாகச் சொன்னபோது சிரிக்கிறார்கள். வெயிலை அடையவும் கொலை, வெயிலாலும் கொலை. சீதோஷ்ணம் காம்யூவிடம் பின்னணியாக ஒதுங்கி நிற்பதில்லை. ஆளைக் காரியத்துக்குத் தள்ளுகிறது.

நம்மிடம் அப்படித் தள்ளுகிற நாவல் பூமணியின் 'வெக்கை' (1982). அண்ணனைக் கொன்றவனைப் பதினைந்து வயதுப் பையன் கொன்றுவிட்டு, தந்தையோடு காடும் பாறையுமாக ஒளிந்து திரிகிறான். தலைப்பு வெக்கை என்றிருந்தும் பூமணி வெயிலை வர்ணித்து மாய்வதில்லை. அவர்கள் தேடிப் போவதெல்லாம் தண்ணீர், நிழல், படுக்க ஓர் இடம். வெக்கை உள்ளே இருப்பதால் வெளியே அவர்கள் தொடுகிற ஒவ்வொரு குளிர்ச்சிக்கும் எடை கூடிவிடுகிறது. மெர்சோவுக்கு வெயில் கொலைக்கு முன்னால் வருகிறது. இந்தப் பையனுக்கு வெக்கை தலைமுறைகளாக மூண்டு, கொலைக்குப் பின்னும் தணியாமல் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு யாராவது விரிவாக எழுதலாம். இருத்தலியம் என்ற சொல்லை உபயோகிக்காமல் எழுதினால் உத்தமம்.

1983க்குப் பின் ஈழத்திலிருந்து நார்வேக்கும் கனடாவுக்கும் போய்ச் சேர்ந்தவர்கள் குளிரைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். எஸ்.பொ.வும் இந்திரா பார்த்தசாரதியும் தொகுத்த புலம்பெயர்ந்தோர் கதைகளுக்கு 1994இல் 'பனியும் பனையும்' என்று பெயர் வைத்தார்கள். புல்நுனியில் நிற்கும் துளிக்கு நாம் வைத்திருந்த சொல் அங்கே முழங்கால் ஆழத்துக்குக் கிடப்பதையும் சுமக்க வேண்டியிருக்கிறது. சொல்லை அப்படி இழுக்க அவர்களுக்கு அவசியம் இருந்தது. விருதுநகர்க் கவிஞருக்கு இல்லை. அங்கிருந்து எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்து வீட்டிலிருந்து கொண்டுபோன பொருள்களில் டொரன்டோ வீட்டில் வேலையில்லாமல் நிற்பவை எவை?